ஒற்றைச் சாளரம் திறக்கட்டும், நமக்கும் சேர்த்து!

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது நம் ஊர்ப் பழமொழி. அரசாங்கக் கதவைத் தட்டிய எந்தக் குடும்பத்துக்கும் இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. பிழைப்புத் தேடி பெங்களூர் வந்த நம்மில் பலர் கன்னடத்தில் முதலில் கற்றுக்கொண்டதே 'நாளெ பன்னி' என்ற சொல்லைத்தான். நாளை வாருங்கள் என்று அர்த்தம். ஊரில் இருந்தபோது இதையே தமிழில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆகவே, சூரிய ஒளி, காற்றாலை மின்திட்டங்களுக்கு அனுமதிகளை எளிதாக்க வேண்டும் என்று அரசு பேசும்போது நாம் அதை எதிர்க்கப் போவதில்லை, வரவேற்கிறோம். குமாஸ்தா வேலையில் இருபது ஆண்டுகள் கோப்புகளோடு பழகிய நமக்கு ஒரு ரகசியம் தெரியும். கோப்பு தூங்குவதற்குக் காரணம் வேலைப் பளு மட்டுமல்ல. கையெழுத்துப் போட்டால் நாளைக்குக் கேள்வி வரலாம். போடாமல் வைத்திருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். அதிகாரியின் மௌனத்துக்கு விலை இல்லாதவரை கோப்பு நகராது.

அந்த மௌனத்துக்கு இப்போது ஒரு விலை வைத்திருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிப்படி, பசுமை மின்சாரத்தை வெளியிலிருந்து நேரடியாக வாங்க விரும்பும் தொழிற்சாலையின் மனு மீது 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கணக்கு. 2024 பிப்ரவரியில் வந்த திருத்தம் வீட்டுக்காரர்களுக்கும் வழிவிட்டது. கூரையில் 10 கிலோவாட் வரை சோலார் பலகை வைக்கத் தொழில்நுட்ப ஆய்வு என்று இழுத்தடிக்க முடியாது. மனு ஏற்கப்பட்டதாகவே கருத வேண்டும். அமைத்து முடித்தபின் இணைப்புக் கொடுக்க இருந்த 30 நாள் கெடுவும் 15 நாளாகக் குறைந்தது. ஒரு கோடி வீடுகளுக்கு என்று அதே மாதம் அறிவித்த சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் வைத்தால் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம்.

நல்லதுதான் தோழர்களே. ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கூரை யாருடையது?

நம் குடும்பங்களில் பெரும்பாலோர் ஒற்றை அறை வாடகைக் குடித்தனம். மீட்டர் வீட்டுக்காரர் பெயரில். மொட்டை மாடியில் துணி உலர்த்தவே அனுமதி கேட்க வேண்டும். தகரக் கூரையின் கீழ் வாழ்பவர்கள் அதன் மேல் எதை ஏற்றுவது? மின்சார அலுவலகத்தில் தடை நீங்கினாலும் வீட்டுக்காரர் வாசலில் நமக்குத் தடை நிற்கிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2023-இல் கர்நாடக அரசு 200 யூனிட் வரை இலவச மின்சாரம் தரும் கிருஹ ஜோதி திட்டத்தைக் கொண்டுவந்தபோது வாடகைக் குடித்தனக்காரரையும் சேர்த்துக்கொண்டது. வீட்டுக்காரர் பெயர் மீட்டரில் இருக்கட்டும், குடியிருப்பவரின் ஆதாரை இணைத்தால் போதும் என்றார்கள். ஓரிடத்தில் பொதுவாகச் சோலார் அமைத்து, அதன் மின்சாரத்தைப் பல வீடுகளின் ரசீதில் கழித்துக்கொள்ளும் முறைக்குத் தில்லியில் 2019-லேயே விதி எழுதிவிட்டார்கள். இந்த இரண்டையும் சேர்த்தால் பள்ளிக்கூடக் கூரையிலும் சமுதாயக் கூடத்தின் மேலும் விழுகிற வெயில் நம் ரசீதிலும் வந்து சேரும்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். துமகூரு மாவட்டம் பாவகடாவுக்கு நம்மில் சிலர் கட்டிட வேலைக்குப் போய் வந்திருக்கிறார்கள். ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சோலார் பூங்கா அங்கே நிற்கிறது. வறண்ட பூமி. நிலத்தைப் பறிக்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வு. மழை பொய்த்துக் கடனில் கிடந்த விவசாயிக்கு அது பெரிய ஆறுதல் என்பதை மறுக்க மாட்டோம்.

ஆனால் அந்த நிலத்தில் களை எடுத்தவளுக்கும் ஆடு மேய்த்தவனுக்கும் குத்தகைப் பணம் ஏது? காவல் காக்கவும் புல் வெட்டவும் பலகை கழுவவும் சிலருக்கு வேலை கிடைத்தது. மற்றவர்கள்? 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம், அந்த நிலத்தை நம்பி மூன்றாண்டு உழைத்த கூலிக்காரனையும் பாதிக்கப்பட்டவன் என்கிறது. குத்தகை என்று வந்துவிட்டால் அந்தச் சட்டம் அங்கே எட்டாது. சோலார் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லை என்பதால் அதையொட்டி நடக்கும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் இல்லை. கூலிக்காரனின் மௌனமும் சம்மதமாகி விடுகிறது.

இங்கேதான் நாம் வேறுபடுகிறோம். பதில் சொல்லச் சம்பளம் வாங்கும் அதிகாரி வாய் திறக்காவிட்டால் அதைச் சம்மதம் என்று கொள்வது நியாயம். யாரும் அழைத்துக் கேட்காத ஏழையின் மௌனத்தையும் அப்படியே கொள்வது அநியாயம்.

நமக்கு இது பிறர் கதை அல்ல. நிலம் இல்லாதவன்தான் முதலில் ரயில் ஏறுகிறான். தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் மூட்டை முடிச்சோடு வந்திறங்கிய நாம், நாளைக்கு அதே மூட்டையோடு வேறொருவன் வந்திறங்குவதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமா?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. ஒன்று: விதியில் எழுதிய 15 நாள், அலுவலக மேசையிலும் 15 நாளாகவே இருக்க வேண்டும். இரண்டு: வாடகைக் குடித்தனமும் ஏழைக் குடியிருப்பும் பொதுக் கூரையின் மின்சாரத்தில் பங்கு பெற எளிய வழி வேண்டும். மூன்று: பெரிய திட்டம் வரும் ஊரில் கிராம சபையைக் கூட்டி, நிலமற்றவர்களின் பேச்சையும் பதிவு செய்து, அவர்களுக்கு வேலையோ ஈடோ உறுதி செய்த பிறகே உத்தரவு தர வேண்டும். இதற்கும் 60 நாள் என்று கெடு வையுங்கள். கேட்பதற்கு அதிக காலம் பிடிக்காது, மனம்தான் வேண்டும்.

சொந்த வீடு கட்டிய உறுப்பினர்கள் 10 கிலோவாட் விதியை மனதில் வைத்து மனுப் போடுங்கள். தாமதமானால் மனுவின் நகலோடு சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து போவோம். வாடகைக்கு இருப்பவர்கள் மின் ரசீதோடு வாருங்கள். இரண்டாவது கோரிக்கைக்குக் கையெழுத்து திரட்டுகிறோம். சூரியன் யாரிடமும் அனுமதி கேட்டு உதிப்பதில்லை. அதன் பலன் மட்டும் ஏன் சில வீட்டு மாடியோடு நின்றுவிட வேண்டும்?