இறங்குதலும் 'கெட் டவுன்' என்பதும்

தாம்பரம் இரயில் நிலையத்தில் நாள்தோறும் பல்லாயிரவர் இறங்குகின்றனர். அவருள் ஆங்கிலத்திற் பேசுவார் அச்செயலைக் 'கெட் டவுன்' என்றே கூறுவர். அது பிழையென்றும், 'கெட் ஆஃப்' என்பதே செம்மையென்றும் திருத்துவார் இந்நாளில் மிகுந்துவிட்டனர். சென்ற ஆண்டு யாமும் அவ்வாறு திருத்தப்பட்டோம். விடுமுறை நாட்களுக்குரிய வேலையொன்றை நாடி நேர்காணலுக்குச் சென்றிருந்தபோது, எவ்வாறு வந்தீர் என வினவினார்க்கு, குரோம்பேட்டையிற் 'கெட் டவுன்' செய்து நடந்து வந்தோம் என விடையிறுத்தோம். வினவியவர் அருகிருந்தாரை நோக்கி நகைத்தார். வேலை கிடைக்கவில்லை. அதற்கு அச்சொல்லே காரணமென்று யாம் சாதிக்க வரவில்லை. எமது தகுதிக்குறைவும் காரணமாயிருக்கலாம். ஆயினும் அந்நகைப்பு மட்டும் திரும்பும் வழியெல்லாம் எம்முடன் இரயிலேறி வந்தது.

அத்தொடர் உண்மையிற் பிழைதானா? ஆங்கிலேயர் ஊர்திகளை இருவகையாக நோக்குகின்றனர். பஸ், இரயில், கப்பல், விமானம் ஆகியவற்றைத் தளமாகக் கருதி, அதன்மீது செல்லுதலைக் 'கெட் ஆன்' என்றும், அதனின்று நீங்குதலைக் 'கெட் ஆஃப்' என்றும் வழங்குவர். மோட்டார் காரையோ ஓர் அறைபோலக் கொண்டு, 'கெட் இன்' எனவும் 'கெட் அவுட்' எனவும் கூறுவர். தமிழர் நோக்குவது தளத்தையுமன்று, அறையையுமன்று, உயரத்தையே. குதிரையாயினும் மாட்டுவண்டியாயினும் மீனம்பாக்கத்து விமானமாயினும் நாம் ஏறுகிறோம், இறங்குகிறோம். மேல்நோக்கிச் செல்லும் லிஃப்டில் ஏறி நான்காம் மாடியை அடைந்தும் 'இறங்க'த்தான் செய்கிறோம்! தெலுங்கரின் 'திகு', மலையாளிகளின் 'இறங்ஙுக', இந்தி பேசுவாரின் 'உதர்னா' ஆகிய யாவும் இந்நோக்குடையனவே. ஆகலின் இந்நாட்டார் நாவில் ஆங்கிலம் 'கெட் டவுன்' என வந்தது வியப்பன்று. அத்தொடர் நாம் புனைந்ததுமன்று. குதிரையினின்றும் உயர்ந்த வண்டியினின்றும் இறங்குதலை ஆங்கிலேயரும் அவ்வாறே கூறுவர். அதனை இரயிலுக்கும் பஸ்ஸுக்கும் நீட்டிக்கொண்டதே நாம் செய்த குற்றம்.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்குமிடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். எம் கல்லூரி நகரைவிட்டு இங்குப் பெயர்ந்தது 1937ஆம் ஆண்டில். அன்று தொட்டு இந்நிலையத்திற் 'கெட் டவுன்' செய்து, பின்னர் ஆங்கிலத்திற் புலமை பெற்றார் தொகை சிறிதன்று.

நிற்க. அத்தொடருக்கு ஆங்கிலத்தில் வேறு பொருள்களும் உள. ஒருவர் கூறுவதை எழுதிக்கொள்ளுதல், மனத்தைச் சோரச் செய்தல், அரிதின் விழுங்குதல் என்பன அவை. பின்னே 'டு' சேரின் ஒரு காரியத்தில் முனைதலாம். இவற்றுட் பின்னைய இரண்டும் எம்மை வியப்பிலாழ்த்தின. துயருற்றவன் 'சோறு தொண்டையில் இறங்கவில்லை' என்கிறான். முனைந்தவன் 'காரியத்தில் இறங்கினான்' எனப்படுகிறான். கடல் கடந்த இருமொழிகள் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே எண்ணத்தைச் சொல்லின அல்லவோ! மனச்சோர்வுக்கு மட்டும் நாம் இறங்குதலைக் கொள்வதில்லை. 'மனமிரங்கினார்' என்பது இடையின ரகரமுடையது. அது அருள்கூர்தலைக் குறிக்கும் வேறு சொல். அதனை வல்லின றகரமிட்டு எழுதும் நண்பர் எம் வகுப்பிலேயே உளர்.

வேறுபாடும் ஒன்றுண்டு. ஆங்கிலத்திற் 'கெட்' என்பது பெரிதும் வெறுங்கலம். திசையை உணர்த்துவது பின்வரும் சிறுசொல்லே. தமிழிலோ திசை வினைப்பகுதியிலேயே அடங்கிவிடுகிறது. பின்வரும் துணைவினை மனநிலையைக் காட்டுகிறது. 'இறங்கிவிட்டான்' என்றால் முடிந்துவிட்டது. 'சேலையூரில் இறங்கிக்கொள்கிறேன்' என்று ஓட்டுநரிடம் சொல்லும்போதோ, 'எனக்காக வழியை மாற்றவேண்டா, என் வசதியை யானே பார்த்துக்கொள்வேன்' என்னும் பணிவும் உடன் வருகிறது. இந்தக் 'கொள்' என்பதை ஆங்கிலத்திற் பெயர்க்க யாம் பலமுறை முயன்று தோற்றோம். ஆங்கிலச் சிறுசொற்களைப் பட்டியலிட்டு இரவெல்லாம் நெட்டுருப் பண்ணும் மாணவர், தம் வாயில் நாள்தோறும் வழங்கும் விடு, கொள், போடு என்பவற்றை ஒரு நாழிகையேனும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வெளிநாட்டார்க்கு எழுதுங்கால் 'கெட் ஆஃப்' என்றே எழுதுக; கேட்பார்க்கு விளங்குதலே சொல்லின் பயன். இந்நாட்டார் தம்முட் பேசுங்கால் 'கெட் டவுன்' எனின் நகைத்தற்கு இடமில்லை. எமக்கு வருத்தந் தருவது வேறொன்று. ஆங்கிலத்தில் அத்தொடரைக் கூற நாணும் இளைஞரே தமிழில் 'சானடோரியத்தில் கெட் டவுன் பண்ணு' என்கின்றனர்! இறங்கு என்னும் நாலெழுத்துச் சொல் அவர்க்கு என்ன தீங்கிழைத்தது?

அடுத்த நேர்காணலுக்கு அழைப்பு வந்துள்ளது, பல்லாவரத்தில் இறங்கவேண்டும். வழி கேட்பாராயின் 'கெட் டவுன்' என்றே கூறுவதாக இருக்கிறோம். நகைத்தால், 'கெட் ஆஃப்' என்பதையும் அறிவோம் எனப் பணிவுடன் தெரிவிப்போம்.