சாமியைத் தூக்குங்கோ, அண்ணாவைத் தூக்காதேங்கோ

போன மாதம் அண்ணாவைக் கூட்டிக்கொண்டு ஸ்காபரோவில் ஒரு கோயிலுக்குப் போனேன். பேர் வேண்டாம். பேர் சொன்னால் மற்றக் கோயில்காரர் எல்லாரும் "நாங்கள் அப்பிடியில்லை" எண்டு தப்பிவிடுவினம்.

2009இல் வன்னியில் ஷெல் விழுந்து அண்ணாவுக்கு இரண்டு காலும் போனது. சக்கர நாற்காலிதான். கோயில் வாசலில் ஏழு படி. சாய்தளம் இல்லை. நாலு பொடியள் ஓடிவந்து நாற்காலியோடு தூக்கினார்கள். நல்ல பிள்ளையள்தான். சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு அம்மா "ஐயோ பாவம்" என்றா. திரும்பி வரும்போது அண்ணா சொன்னார்: "தம்பி, சாமியைத் தூக்கினால் திருவிழா. என்னைத் தூக்கினால் செத்தவீடு மாதிரிக் கிடக்கு. இனி நான் வரேல்லை."

நிர்வாகத்தில் ஒருவரிடம் கேட்டேன். "அப்பிடியான ஆக்கள் ஆர் தம்பி இஞ்சை வருகினம்?" என்றார். வரமுடியாதபடி கட்டிவிட்டு, வருகினமில்லை என்பது என்ன கணக்கு?

இதே ரொறன்ரோவில் யூதர்களைப் பாருங்கள். அவர்களிலும் கனபேர் உயிர் தப்பி வந்த சனம்தான். அறிவு வளர்ச்சியில் குறைபாடுள்ள பிள்ளைகளை ஒறிலியாவில் இருந்த ஹுரோனியா போன்ற பெரிய விடுதிகளில் கொண்டுபோய் விடும் வழக்கம் ஒருகாலத்தில் இங்கே இருந்தது. 2009இல்தான் அதை மூடினார்கள். அங்கே நடந்த கொடுமைகளுக்கு 2013இல் மாகாண முதல்வர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் 1973இலேயே சில யூதப் பெற்றோர் அந்த வழி வேண்டாம் என்று சேர்ந்து 'ரீனா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் சமூகத்துக்குள்ளேயே, பண்டிகைகளோடு வாழ வழிசெய்தார்கள். அரசாங்கம் மன்னிப்புக் கேட்பதற்கு நாற்பது வருசம் முந்தி!

அவர்களிடம் எல்லாம் திறம் என்று சொல்லவரவில்லை. வேதம் வாசிக்கும் மேடைக்குப் படியேறவேண்டிய பழைய தொழுகைக்கூடங்கள் அங்கேயும் உண்டு. ஆனால் குருடன் முன் தடையை வைக்காதே என்பது அவர்களின் வேதத்திலேயே உள்ள கட்டளை. அதை வைத்தே அவர்கள் தங்கள் ஆட்களோடு சண்டை பிடிக்கிறார்கள். நாங்கள்?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவேண்டாம். 2025 ஜனவரி 1க்குள் ஒன்ராறியோ முழுவதையும் தடையற்றதாக்குவோம் என்று 2005இல் சட்டம் போட்டார்கள். அந்தத் தேதி வந்து போய்விட்டது. படி அப்படியே கிடக்கிறது.

'ஊனம்' என்ற சொல்லை விட்டு 'மாற்றுத்திறனாளி' என்று சொல்லப் பழகிவிட்டோம். சொல்லை மாற்றக் காசு தேவையில்லை, படியை மாற்றத்தான் தேவை. போரில் காலும் கண்ணும் இழந்தவர்களுக்காக மேடைகளில் அழுகிறோம். அந்த மேடைக்கே அவர்களால் ஏற ஏலாது.

அடுத்தமுறை கோபுரத்துக்குக் காசு கேட்டு வந்தால், தாருங்கள். தரமுதல் ஒன்று கேளுங்கள்: "என்ரை அண்ணா எந்தப் பக்கத்தாலை உள்ளை வாறது?"