மண்ணுக்கேத்த ஆட்டம்

உலகக் கோப்பை கால்பந்து வந்துவிட்டால் வீட்டு ஆண்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. உலகமே ஆடுகிற ஆட்டமாம்! இருக்கட்டும். ஆனால் 'உங்க ஊர் ஆட்டம் எது?' என்று கேட்டால் பூட்டான்காரர் வில்லை எடுப்பார், ஜப்பான்காரர் சுமோ என்பார். மாதக்கணக்கில் ஏரி குளமெல்லாம் உறைந்து கிடக்கும் கனடாவில், பனிக்கட்டி மேல் ஆடும் ஹாக்கியை 1994-ல் சட்டம் போட்டே குளிர்காலத் தேசிய விளையாட்டாக்கினார்கள். மண் எப்படியோ, ஆட்டம் அப்படி.

நமக்கு ஹாக்கி என்றுதானே படித்தோம்? 1928 முதல் 1980 வரை ஒலிம்பிக்கில் 8 தங்கம் வாங்கியதால் வந்த பேச்சு அது. எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய அரசே 2012-ல் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு கபடி.

காரணம் புரிய எங்கள் திருவதிகைப் பக்கம் வாருங்கள். கெடிலம் ஆறு பாதி நாள் வெறும் மணல்தான். அறுவடை முடிந்த வயல் இருக்கிறது. கால்பந்துக்கு 100 மீட்டர் திடலுக்கு எங்கே போவது? கபடிக்குப் பந்தும் வேண்டாம், பூட்ஸும் வேண்டாம், கோடு கிழிக்க ஒரு குச்சி போதும். ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8.

ஆமாம், பெண்களுக்கும்தான்! ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990-லேயே வந்தது. பெண்களுக்கு 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முதல் தங்கம் நம் பெண்களுக்கே. இருந்தும் பெண் வயசுக்கு வந்ததும், 'போதும்டி, உள்ளே வா' என்கிறோம். 2018-ல் தலையை மூடிக்கொண்டே ஆடிய ஈரான் பெண்கள் நம்மை வென்று தங்கம் வாங்கினார்கள். அவர்களுக்குப் பயிற்சி தந்தவர் யார் தெரியுமோ? நம் நாசிக் ஊர் ஷைலஜா ஜெயின்!

பயம் இல்லாமலா? 2022-ல் எங்கள் கடலூர் மாவட்டத்திலேயே ஓர் இளைஞர் ஆட்டத்தின் நடுவே உயிரிழந்தார். அதனால் பிள்ளையை அனுப்புமுன் ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். சாப்பிட்ட உடனே ஆட விடாதீர்கள். களத்தில் கல், முள் இல்லாமல் மண்ணைக் கொத்திப் பதமாக்கச் சொல்லுங்கள். நெஞ்சிலோ தலையிலோ அடிபட்டால், 'ஒண்ணுமில்லேம்மா' என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும், உடம்பில் எண்ணெய் கூடாது. இரண்டும் ஆட்ட விதியிலேயே உண்டு. எண்ணெய்க் குளியலை ஆட்டமில்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.