நீங்கள் இருவர் மட்டும் போனால், எங்கே தங்குவது?

பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ளாமல், கணவனும் மனைவியுமாக நீங்கள் வெளியே போய் ஓர் இரவு தங்கியது எப்போது? யோசித்துப் பாருங்கள். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு விருந்துக்குப் போனதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது!

தோட்டத்துப் பெண்கள் உல்லாசப் பயணம் போகாதவர்கள் அல்ல. கோயில் கமிட்டி பஸ் எடுத்தாலும், தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கம் எடுத்தாலும், விடியுமுன் எழுந்து புளிச்சோறு கட்டியவர்கள் அவர்கள்தாம். போன இடத்தில் என்ன செய்தார்கள்? வீட்டார் எல்லாரும் தண்ணீரில் குதிக்க, செருப்புகளையும் கைப்பைகளையும் காவல் காத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

இது நம் வீட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி தம் மகள்களை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்தபடி காத்திருப்பாராம். பெற்றவர்களும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1955இல் டிஸ்னிலேண்ட் திறந்தது. ஆகவே, கேளிக்கைப் பூங்கா என்றால் பிள்ளைகளுக்கு மட்டும் என்று யார் சொன்னது? பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். 'இந்த வயதில் இது தேவையா?' என்று அக்கம்பக்கத்தார் கேட்டால் கேட்கட்டும்.

பேராக்கில் இருப்பவர்கள் இதற்காக நெடுந்தூரம் போக வேண்டாம். ஈப்போவை அடுத்த தம்புனில், சுண்ணாம்புக்கல் மலைகளின் நடுவே, லாஸ்ட் வேர்ல்ட் பூங்கா இருக்கிறது. சன்வே நிறுவனம் 2004இல் திறந்தது. அந்த நிறுவனமே 1974இல் ஈயச் சுரங்கத் தொழிலில் தொடங்கியதுதான். பூங்காவுக்குள் டூலாங் வைத்து ஈயம் அரிப்பதையும் காட்டுகிறார்கள். ஆனால் வயது வந்தவர்களுக்கு அங்கே உள்ள பெரிய செல்வம் சறுக்குமரமோ புலிக்கூண்டோ அல்ல. பூமிக்குள்ளிருந்து தானாகக் கொதித்து வரும் வெந்நீர் ஊற்றுதான்.

இந்த வெந்நீர்க் குளங்களுக்கென்றே மாலை 6 மணிக்குமேல் தனிச்சீட்டில் இரவுப் பூங்கா நடக்கிறது. வெயில் தணிந்து, சின்னஞ்சிறுசுகள் பெரும்பாலும் கிளம்பிவிட்ட நேரம். மலை கறுத்து நிற்கும். தண்ணீரிலிருந்து ஆவி எழும். நீங்கள் போக வேண்டிய பொழுது அதுதான். அதனால் ஓட்டலைப் பகல் நேரத்தை நினைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். இராத்திரியை நினைத்துத் தேர்ந்தெடுங்கள். ஈரத்தலையோடு, உடம்பெல்லாம் தளர்ந்து, தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் அறைக்கு எப்படித் திரும்புவீர்கள்?

ஈப்போ நகரத்தில் மலிவான அறைகள் நிறைய உண்டு. காலையில் நல்ல தோசை சாப்பிடலாம், கல்லுமலைக் கோயிலுக்கும் போய்வரலாம். ஆனால் இரவில் தம்புனிலிருந்து திரும்ப வண்டி வேண்டும். சொந்தக் கார் இருந்தால் சரி. இல்லையென்றால் அறையில் மிச்சம் பிடித்த வெள்ளியில் ஒரு பங்கு போகவரச் செலவாகும். காத்திருக்கும் அலுப்பு வேறு.

பூங்காவுக்கு அடுத்தே பஞ்சாரான் என்ற வெந்நீர் ஊற்று விடுதி இருக்கிறது. 12 வயதுக்குக் குறைந்தவர்களை அங்கே ஏற்பதில்லை. குகைக்குள்ளேயே சாப்பாட்டு இடம்கூட உண்டு. அமைதிக்குக் கேட்க வேண்டுமா! ஆனால் ஓர் இரவுக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல். 2025இல் அரசாங்கம் உயர்த்திய குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளிதான். இரண்டு இரவு தங்கினால் ஒரு மாத உழைப்பை விழுங்கிவிடும். பிள்ளைகள் சேர்ந்து அன்பளிப்பாகக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். சேமநிதிப் பணத்தை மட்டும் இதற்குத் தொடாதீர்கள்.

என் ஓட்டு, பூங்காவை ஒட்டியுள்ள லாஸ்ட் வேர்ல்ட் ஓட்டலுக்குத்தான். நடந்தே திரும்பிவிடலாம். குடும்ப ஓட்டல்தான், பிள்ளைகளின் இரைச்சல் இருக்கும். அதற்கு மருந்து உங்கள் கையில்: பள்ளி நடக்கும் வாரத்தில், வேலை நாளில் போங்கள். பள்ளி விடுமுறையும் தைப்பூச வாரமும் வேண்டவே வேண்டாம். விடுமுறை இல்லாத வாரங்களில் பூங்காவை ஒரு நாள், பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை, மூடுவது வழக்கம். டெலிபோன் செய்து கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

டெலிபோன் எடுத்ததுதான் எடுத்தீர்கள், இன்னும் சிலதைக் கேளுங்கள். லிப்ட் உண்டா? குளிக்கும் இடம் தொட்டியா, நின்று குளிக்கும்படியா? (முப்பது வருடம் பால்வெட்டிய முழங்காலால் தொட்டிக்குள் ஏறி இறங்க முடியாது.) சொன்ன விலையில் பசியாறலும் பூங்காச் சீட்டும் சேர்ந்ததா? 8 விழுக்காடு சேவை வரி அடங்கியதா? ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி என்பது வெளிநாட்டவருக்கு மட்டும். குடிமக்களும், சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளும் கட்டத் தேவையில்லை. இத்தனை காலம் சிவப்பு அட்டையோடு அலைந்த நம் பெரியவர்கள் இதையாவது துணிந்து கேட்டுப் பெறட்டும்.

விளம்பரத்தில் 'கேளிக்கைப் பூங்காவுக்கு அருகில்' என்று இருந்தால் எந்தப் பூங்கா என்று கேளுங்கள். ஈப்போ மேருவில் 2017இல் ஆரவாரமாகத் திறந்த மேப்ஸ் பூங்கா 2020 ஜனவரியில் மூடப்பட்டது. பழைய விளம்பரங்கள் அவ்வளவு சீக்கிரம் மறைவதில்லை.

கெந்திங் மலையைப் பலர் சொல்வார்கள். குளிர் இதமானதுதான். பெர்ஸ்ட் வேர்ல்ட் ஓட்டலில் 7,351 அறைகள். உலகிலேயே பெரியது என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. ஆனால் அங்கே பெரியவர்களின் விளையாட்டு என்றால் சூதாட்டம் என்றாகிவிடுகிறது. துணைவருக்கு அந்தச் சபலம் உண்டென்றால் பேச்சையே எடுக்காதீர்கள்.

உடைக்கு வருவோம். சேலையோடும் சுரிதாரோடும் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். மலாய்ப் பெண்கள் அணிகிறார்களே, முழுக்கை முழுக்கால் நீச்சலுடை, அதை வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சமும் இராது, வழுக்கவும் செய்யாது.

இனிப்பு நீர் உள்ளவர்கள் கவனியுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாமலே வெந்துவிடும். முதலில் கையை விட்டுப் பாருங்கள். துணைவரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்தமோ இருதய நோயோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். யாராயிருந்தாலும் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை மேலேறி, தண்ணீர் குடித்து, மெல்ல எழுந்து நடங்கள். சாப்பிட்ட கையோடு இறங்காதீர்கள்.

அறையைப் பதிவு செய்ய மகனிடம் சொன்னால் ஓர் ஆபத்து உண்டு. 'நாங்களும் வருகிறோம் அம்மா' என்பான். பேரப்பிள்ளைகள் நால்வரும் காரில் ஏறிவிடுவார்கள். அவர்களோடு போவதற்கு டிசம்பர் விடுமுறை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.