படம் புடிக்கிறது யாரு, படம் யாருக்கு?

நகரத்தில் இப்போது ஒரு புதுத்தொழில் நடக்கிறது. குடும்பத்தை ஸ்டூடியோவுக்குக் கூப்பிடாமல் படக்காரரே வீட்டுக்கு வருவார். அம்மா தோசை ஊத்துறது, புள்ள அழுவுறது எல்லாத்தையும் இருக்கிறபடியே எடுத்துத் தருவார். கைத்தறி, மண்பாண்டம் விற்கிற சிறு கம்பெனிகளுக்கும் இதே பாணி. ஆவணப் பாணியாம். போஸ் கூடாதாம், இயல்பா இருக்கணுமாம். இருந்துட்டுப் போகட்டும். காசு கொடுக்கிறவர் பிடிக்காத படத்தை அழிக்கச் சொல்லலாம். அழிக்கச் சொல்லும் அந்த அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்பதுதான் என் பிரச்சினை.

ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிகளை (கேரளத்துக்காரர்கள் அல்ல) யாரும் கேட்டுவிட்டுப் படம் எடுப்பதில்லை. இது இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. சென்னை மியூசியத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் ஆட்களின் மூக்கை அளந்தார், படம் எடுத்தார், 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் போட்டார். மலையாளிகளும் அதில் உண்டு. அந்தத் தொகுதிகளில் படத்துக்குக் கீழே பெரும்பாலும் சாதிப்பெயர்தான் இருக்கும், ஆளுக்குப் பெயர் இருக்காது. இன்றைக்கு அருவி பார்க்க வருகிறவர் சாமை புடைக்கிற கிழவியை நாலு 'கிளிக்' அடித்துவிட்டு பஸ் ஏறுகிறார். படம் கண்காட்சிக்குப் போகும், தேன் பாட்டில் லேபிளுக்கும் போகும். கிழவி கைக்கு மட்டும் வராது. அதே மலையில் காவலூர் தொலைநோக்கிகள் 1968 முதல் நட்சத்திரங்களைப் பதிவு செய்கின்றன. நட்சத்திரத்துக்கு இருக்கிற கணக்குவழக்குகூட கீழே இருக்கிற மனுசங்களுக்கு இல்லை.

இந்த மக்களின் முகம் நாடு முழுக்கப் பத்திரிகையில் வந்தது எப்போது தெரியுமா? 2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். பிணங்கள், பக்கத்தில் செம்மரக் கட்டைகள், 'கடத்தல்காரர்கள்' என்று தலைப்பு. இதுவும் ஆவணப் பாணிதான். ஆனால் உடம்பில் தீக்காயம் எப்படி வந்தது, கட்டையில் பெயிண்ட் குறி ஏன் என்று மனித உரிமைக்காரர்கள் கேட்க முடிந்ததற்கும் அந்தப் படங்கள் உதவின. ஆகவே கேமராவைத் தூக்கிப் போடச் சொல்கிறவன் நானில்லை.

போஸ் கொடுப்பது போலித்தனம் என்கிற பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எங்க ஆயாவுக்கு இருந்தது ஒரே படம், வாக்காளர் அட்டையில். செத்த பிறகு அதைப் பெருசாக்கித்தான் மாலை போட்டோம். ஒருமுறையாவது நல்ல சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுக்கணும்னு அது ஆசைப்பட்டது. அதில் என்ன போலி? 1934இல் ராஜகிருஹத்தில் எடுத்த அண்ணல் அம்பேத்கரின் குடும்பப் படத்தைப் பாருங்கள். ரமாபாய், மகன் யஷ்வந்த், அண்ணி லட்சுமிபாய், அண்ணன் மகன் முகுந்த், வளர்ப்பு நாய்கூட உண்டு. எல்லோரும் படத்துக்கென்றே இருக்கிறார்கள். அடிமையாகப் பிறந்து தப்பிய அமெரிக்கக் கறுப்பர் பிரெடரிக் டக்ளஸ் 160 முறைக்குமேல் கேமரா முன் கோட்டுப் போட்டு விறைப்பாக உட்கார்ந்தார். சிரிக்கிற அடிமை என்ற வெள்ளையர் கற்பனைக்கு அது அவர் கொடுத்த பதில். இயல்பு, இயல்பு என்கிறவர்கள் நம்மைக் கந்தலோடு பார்ப்பதைத்தான் இயல்பு என்கிறார்கள்.

மாற்றும் இருக்கிறது. மதுரைப் பக்கத்து மீன் விற்கும் தாயின் மகன் எம். பழனி குமார், 'கக்கூஸ்' (2017) படத்தின் ஒளிப்பதிவாளர். மலக்குழி மரணங்களின் பின்னால் நிற்கும் குடும்பங்களைப் பல வருடம் போய்ப் பார்த்துப் படமெடுத்தவர். உழைப்பாளிகளின் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்தும் பழக்குகிறார்.

மாணவத் தோழர்களே, மலைக்குப் போகிறீர்கள், போங்கள். எப்படி நிற்கணும்னு அவங்களையே கேளுங்கள். சட்டை மாத்திட்டு வரேன்னு சொன்னால் காத்திருங்கள். பெயரைக் கேட்டு எழுதுங்கள், வேணாம்னா விட்டுடுங்கள். அடுத்த முறை ஜமுனாமரத்தூர் பஸ் ஏறும்போது, போன முறை எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டுப் பையில் எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.