கரையும் மாத்திரையும் கரையாத ஏகபோகமும்

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை நீக்கிவிட வேண்டும், முடியாவிட்டால் அதன் பல்லையாவது பிடுங்கிவிட வேண்டும் என்று பன்னாட்டு மருந்து நிறுவனங்கள் இருபது ஆண்டுகளாக வலியுறுத்தி வருகின்றன. தடையிலா வணிக ஒப்பந்தம் எதுவாயினும், பேச்சுவார்த்தை மேசைக்கு இந்தக் கோரிக்கை புதிய ஆடை உடுத்திக்கொண்டு வந்து சேர்கிறது. அண்மைக் காலத்தில் அது உடுத்தியிருப்பது அறிவியலின் ஆடை. திட வடிவ மருந்துகள் உடலில் நன்கு கரைந்து குருதியில் கலப்பதற்கான ஆய்வு மிகக் கடினமானது, பெருஞ்செலவு பிடிப்பது. அதற்குக் காப்புரிமை வழங்க மறுக்கும் இந்தியா புத்தாக்கத்திற்குப் பகை நாடு. இதுவே அவர்களின் வாதம்.

இந்த வாதத்திற்கு நம் அணியில் சிலர் அளிக்கும் விடை பொருத்தமானதாக இல்லை. தூளைச் சற்று நுண்ணியதாக அரைத்தார்கள், உப்பு ஒன்றைச் சேர்த்தார்கள், இதில் அறிவியல் எங்கே இருக்கிறது என்று எள்ளிவிட்டுக் கடந்து விடுகிறார்கள். இந்த விடையால் நிறுவனங்களுக்கு இழப்பு ஏதுமில்லை. அறிவியலை அவர்கள் பக்கம் விட்டுக்கொடுத்துவிட்டு, விலையை மட்டும் நம் பக்கம் வைத்துக்கொண்டு நடத்தும் போராட்டம் பாதிப் போராட்டமே. மாத்திரை கரைவது உண்மையிலேயே அறிவியல்தான். அந்த அறிவியல் யாருடையது என்பதுதான் வழக்கு.

விழுங்கப்பட்ட மாத்திரை முதலில் உதிர வேண்டும். பிறகு அதிலுள்ள மருந்துப்பொருள் குடல்நீரில் கரைய வேண்டும். கரைந்தது குடற்சுவரைக் கடந்து, கல்லீரலின் சிதைவுக்குத் தப்பி, குருதியை அடைய வேண்டும். அட்டையில் 500 மில்லிகிராம் என்று அச்சிட்டிருப்பதால் 500 மில்லிகிராமும் நோயாளிக்குக் கிடைத்துவிட்டதாகப் பொருளில்லை. தோலில் படரும் பூஞ்சை நோய்க்கான கிரிசியோஃபுல்வின் நீரில் எளிதில் கரையாதது. அதன் துகள்களை மிக நுண்ணியதாக அரைத்தபோது, முன்னர் கொடுத்த அளவில் பாதியே போதுமானதாயிற்று. 1968 வாக்கில் ஆஸ்திரேலியாவில் வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின் கேப்சூல்களில் இடநிரப்பியாகச் சேர்க்கப்பட்டிருந்த கால்சியம் சல்ஃபேட்டை அகற்றி லாக்டோசைச் சேர்த்தார்கள். மருந்தின் அளவில் மாற்றமில்லை. ஆனால் அதுவரை நலமாயிருந்த நோயாளிகளிடம் நச்சுக்குறிகள் தோன்றின. வெறும் நிரப்பியை மாற்றியதால் குருதியில் சேரும் மருந்தின் அளவு கூடிவிட்டிருந்தது.

இன்னும் வியப்பானது ரிட்டோனாவிரின் கதை. எச்ஐவி நோயாளிகளுக்கான இந்த மருந்தை அபாட் நிறுவனம் 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டாண்டுகளுக்குப் பின், 1998இல், கேப்சூல்கள் கரைதல் சோதனையில் தொடர்ந்து தோல்வியடைந்தன. ஆராய்ந்தபோது, அதே மூலக்கூறுகள் வேறு விதமாக அடுக்கமைந்த ஒரு புதிய படிக வடிவம் தொழிற்சாலைக்குள் தானாகவே தோன்றிவிட்டது தெரியவந்தது. அந்த வடிவம் மிகக் குறைவாகவே கரைந்தது. பழைய வடிவத்தை மீண்டும் உருவாக்க முயன்றும் ஆலையில் இயலவில்லை. கேப்சூல்கள் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டன. (இதே ரிட்டோனாவிரின் விலையைத்தான் 2003 டிசம்பரில் அமெரிக்காவில் அந்நிறுவனம் ஒரே நாளில் ஐந்து மடங்காக்கியது. அப்போது எந்தப் படிகமும் மாறியிருக்கவில்லை.)

ஆகவே உப்பு வடிவம், படிக வடிவம், துகளின் அளவு ஆகியவை அற்பமானவை அல்ல. ஆனால் ஒரு மருந்தின் எந்த உப்பு நன்றாகக் கரையும், எத்தனை படிக வடிவங்கள் உள்ளன, எது நிலையானது என்று தேடுவது மருந்தாக்கத் துறையில் அன்றாட வேலை. புதிய மூலக்கூறு எது கிடைத்தாலும் ஆய்வகம் செய்தே தீரவேண்டிய வேலை. அதைச் செய்ததற்காக முதல் இருபதாண்டு ஏகபோகம் முடியும் தறுவாயில் இன்னோர் ஏகபோகம் கேட்பது, வீடு கட்டியவன் கதவு வைத்ததற்கும் தனிவாடகை கேட்பது போன்றது.

2004 டிசம்பரில் அவசரச் சட்டமாக வந்து, 2005 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தம், மருந்துப்பொருளுக்கே காப்புரிமை தரும் முறையை மீண்டும் கொண்டுவந்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்திருந்த முறை அது. உலக வணிக அமைப்பின் கட்டளைக்குப் பணிந்த அத்திருத்தத்தை முற்றாகத் தடுக்கும் வலிமை இடதுசாரிகளுக்கு இல்லை. ஆனால் வெளியிலிருந்து அளித்த ஆதரவை வைத்து நடத்திய பேரத்தில் கிடைத்த பாதுகாப்புகளுள் முதன்மையானது 3(டி). அறியப்பட்ட ஒரு பொருளின் உப்பு, எஸ்டர், படிக வடிவம், துகளளவு போன்றவை அனைத்தும் அதே பொருளாகவே கருதப்படும். செயல்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருந்தால் மட்டுமே விலக்கு. மருந்தின் திட வடிவத்தைச் செப்பனிடுவதை இச்சட்டம் தடைசெய்யவில்லை. செப்பனிட்டதைக் காட்டி மூலக்கூறை மீண்டும் சிறைப்பிடிப்பதையே தடைசெய்கிறது.

இதை உடைக்க நோவார்ட்டிஸ் ஏழாண்டுக் காலம் வழக்காடியது. குருதிப் புற்றுநோய் ஒன்றுக்கான இமாட்டினிப் மருந்தின் மெசிலேட் உப்பு, அதன் 'பீட்டா' படிக வடிவம்: இதற்குக் காப்புரிமை கேட்டு 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் தாக்கலாயிற்று. 2003இல் அந்நிறுவனத்திற்குத் தனிச் சந்தை உரிமை வழங்கப்பட்டது. உள்நாட்டுத் தயாரிப்பாளர்கள் பலர் நீதிமன்றத் தடையாணையால் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. நோவார்ட்டிஸ் மாத்திரைக்கு ஒரு மாதத்திற்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். உள்நாட்டு ஜெனரிக் மருந்துக்கு 8,000 முதல் 10,000 ரூபாய். 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) அரசமைப்புக்கே முரணானது என்ற வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்ட்டில் தள்ளுபடி செய்தது. இறுதியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பில் மாத்திரை அறிவியலே விசாரணைக்கு வந்தது. பீட்டா படிகம் எளிதில் வழிந்தோடும், வெப்ப நிலைத்தன்மை மிக்கது, ஈரத்தைக் குறைவாக உறிஞ்சும் என்றது நிறுவனம். மாத்திரை தயாரிக்கவும் சேமிக்கவும் இவை உதவும், நோயைக் குணப்படுத்துவதோடு இவற்றுக்குத் தொடர்பில்லை என்றது நீதிமன்றம். எஞ்சியது ஒரே வாதம்: எலிகளிடம் நடத்திய ஆய்வில், குருதியில் சேரும் மருந்தின் அளவு 30 விழுக்காடு கூடியது. எதைவிட? உப்பாக மாற்றப்படாத மூல இமாட்டினிப்பைவிட. அந்த மூல வடிவம் மருந்தாக விற்கப்பட்டதே இல்லை! மெசிலேட் உப்போ பழைய காப்புரிமையிலேயே அடங்கியது என்பதை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. குருதியில் சேரும் அளவு கூடுவது தன்னளவில் குணமாக்கும் ஆற்றல் கூடியதற்குச் சான்றாகாது, கூடியதென்றால் ஆய்வுத் தரவுகளால் நிறுவ வேண்டும் என்றும் கூறியது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கு ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சட்டத்தில் உள்ள 'எஃபிகேசி' என்ற சொல்லுக்குச் சட்டமே விளக்கம் தரவில்லை. 'திறன்' என்று தமிழாக்கினால் நிறுவனத்தின் வாதமும் அதற்குள் அடங்கிவிடும். கரையும் திறனும் திறனே. 'குணமாக்கும் ஆற்றல்' என்றால் நோயாளியின் வாதம். உச்சநீதிமன்றம் மருந்தைப் பொறுத்தவரை இரண்டாவது பொருளே சரியென முடிவு செய்தது. நம் துண்டறிக்கைகள் பலவற்றில் இன்னும் 'திறன்' என்றே எழுதுகிறோம். மாற்றிக்கொள்வது நல்லது.

இது பழைய கதை என்று கருத வேண்டாம். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான பெடாகுவிலினை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறுக்கான காப்புரிமை 2023 ஜூலையில் முடிவடைய இருந்தது. ஃபியூமரேட் உப்பையும் அதனுடன் நனைவிக்கும் துணைப்பொருளையும் சேர்த்த திட வடிவத்திற்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் தனிக் காப்புரிமை கேட்டது. கிடைத்திருந்தால் ஏகபோகம் 2027 வரை நீண்டிருக்கும். இதை எதிர்த்து மனுச் செய்தவர்கள் காசநோயிலிருந்து மீண்ட இரு பெண்கள். ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். பழைய மருந்துகளின் நச்சுவிளைவால் இருவருமே செவித்திறன் இழந்தவர்கள். 2023 மார்ச்சில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இம்மருந்தை உருவாக்குவதற்குச் செலவான பொதுநிதி, நிறுவனம் செலவிட்டதைவிடப் பன்மடங்கு என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருந்தது. செலவு மக்களுடையது, உப்பு மட்டும் நிறுவனத்துடையது.

அவ்விரு பெண்களும் பயன்படுத்திய வழி, காப்புரிமை வழங்கப்படும் முன்பே யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்ற ஏற்பாடு. அந்த வழியைத்தான் ஒன்றிய அரசு இப்போது குறுக்கியிருக்கிறது. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளின் எஃப்டா அமைப்புடன் 2024 மார்ச் 10 அன்று வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்தே நாள்களில், மார்ச் 15 அன்று, திருத்தப்பட்ட காப்புரிமை விதிகள் அறிவிக்கப்பட்டன. அதுவரை கட்டணமே இல்லாதிருந்த முன் எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் வந்தது. மனு விசாரணைக்கு உகந்ததா என்று தொடக்கத்திலேயே முடிவு செய்யும் அதிகாரம் காப்புரிமை அதிகாரிக்குத் தரப்பட்டது. காப்புரிமை பெற்ற பொருள் இந்நாட்டில் உண்மையில் தயாரிக்கப்பட்டு மக்களுக்குக் கிடைக்கிறதா என்று நிறுவனம் ஆண்டுதோறும் தர வேண்டிய அறிக்கை, மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை என்றாயிற்று. 3(டி)யின் ஓர் எழுத்தைக்கூட அழிக்கவில்லை. அதைப் பயன்படுத்த வருபவனின் வழியில் சுங்கச்சாவடி போட்டிருக்கிறார்கள்.

2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தமோ, மருந்து கிடைக்கச் செய்வதற்கு உகந்த வழி நிறுவனங்களே விரும்பித் தரும் உரிமமே என்று எழுதி வைத்திருக்கிறது. 2012இல் சொராஃபெனிப் புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கியபோது மாத விலை ஏறத்தாழ 2,80,000 ரூபாயிலிருந்து 8,880 ரூபாய்க்கு இறங்கியது. பேயர் நிறுவனம் விரும்பியா இறங்கியது?

இந்திய முதலாளிகளைப் பற்றியும் பேசாமல் முடிக்க இயலாது. 3(டி)யின் நிழலில் வளர்ந்த உள்நாட்டு நிறுவனங்கள் மக்கள் நண்பர்கள் என்ற மயக்கம் நமக்குத் தேவையில்லை. ஜெனரிக் மாத்திரை மலிவாக இருந்தால் போதாது, கரையவும் வேண்டும். உடற்சூட்டில் வைத்த நீர்மத்தில் மாத்திரையை இட்டு, துடுப்பால் கலக்கி, குறித்த நிமிடங்களில் எவ்வளவு கரைகிறது என்று அளக்கும் சோதனை எந்த மருந்துச் சோதனைக்கூடமும் செய்யக்கூடியது. அதில் தோற்கும் மாத்திரைகள் ஒன்றிய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் தரமற்ற மருந்துகளின் பட்டியலில் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. எளிதில் கரையாத மருந்துகளின் ஜெனரிக் வடிவம் மூல மருந்துக்கு நிகராகக் குருதியில் சேர்கிறதா என்று மெய்ப்பிப்பது 2017 ஏப்ரலில்தான் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன், புதிய மருந்து என்ற தகுதி நான்காண்டுகளில் காலாவதியானதும், இந்த மெய்ப்பிப்பு இல்லாமலே மாநில உரிமம் பெற முடிந்தது. காசநோய்க் கூட்டு மாத்திரைகளில் ரிஃபாம்பிசின் போதிய அளவு குருதியில் சேராவிட்டால் நோய் குணமாகாததோடு, கிருமி மருந்துக்குப் பழகியும் விடும். அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும் கூலித் தொழிலாளிக்குப் பன்னாட்டு நிறுவனத்தின் விலையும் உள்நாட்டு நிறுவனத்தின் கரையாத மாத்திரையும் ஒரே தீங்கின் இரு முகங்கள்.

இந்த அறிவியலைப் பொதுவுடைமையாக வளர்த்தெடுக்க இந்நாட்டில் நிறுவனங்கள் இருந்தன. 1954இல் பிம்ப்ரியில் தொடங்கிய இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ், 1961இல் அமைக்கப்பட்டுச் சோவியத் உதவியுடன் ரிஷிகேஷிலும் ஐதராபாத்திலும் ஆலைகள் எழுப்பிய ஐடிபிஎல், பிரஃபுல்ல சந்திர ராய் நிறுவிய வங்காள கெமிக்கல்ஸ். 2016 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஐடிபிஎல்லை மூடவும் மற்ற இரண்டையும் விற்கவும் முடிவு செய்தது. துகளை அரைக்கவும் உப்பைத் தேர்ந்தெடுக்கவும் கரைதலை அளக்கவும் தெரிந்த ஒரு தலைமுறைத் தொழிலாளர்களும் வேதியியலாளர்களும் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேற்றப்பட்டனர்.

எனவே நம் கோரிக்கை, 3(டி)யைத் தொடாதே என்பதோடு நின்றுவிடக் கூடாது. 2024 விதித் திருத்தங்கள் திரும்பப் பெறப்பட வேண்டும். அரசு கொள்முதல் செய்யும் ஒவ்வொரு மாத்திரைத் தொகுதியின் கரைதல் சோதனை முடிவும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அந்தச் சோதனையை நடத்தும் மாநில ஆய்வகங்களில் காலியாகக் கிடக்கும் பணியிடங்கள் ஒப்பந்த முறையில் அல்லாமல் நிரந்தரமாக நிரப்பப்பட வேண்டும். மருந்து விற்பனைப் பிரதிநிதிகள் சங்கமும் மக்கள் அறிவியல் இயக்கங்களும் இவற்றுள் பலவற்றை ஏற்கெனவே எழுப்பி வருகின்றன. தொழிற்சங்கத் தோழர்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலைத் தயாரிக்கும்போது, விலைக் குறைப்புக்குக் கீழே இவற்றையும் எழுதிச் சேர்க்கட்டும்.