பள்ளி முற்றம்: அறுபத்தோராவது பிள்ளை



கோடை விடுமுறை முடிந்து நம் தொடக்கப்பள்ளிகள் திறந்து ஒரு மாதம் கடந்துவிட்டது. முதல் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த சிறார்கள் அழுகையை நிறுத்திவிட்டனர் என்றும், இப்பொழுது அடுத்த பிள்ளையை அழவைக்கக் கற்றுக்கொண்டுள்ளனர் என்றும் ஆசிரியைகள் தெரிவிக்கின்றனர். பாடநூல்கள் வழங்கப்பட்டுவிட்டன. சீருடை சிலருக்குப் பெரிதாகவும் சிலருக்குச் சிறிதாகவும் இருப்பது ஆண்டுதோறும் உள்ள வழக்கமே.

இம்முறை புதுக்கோட்டைப் பக்கமிருந்து எழுதுகிறேன். மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டையை எண்ணிவிடாதீர்கள். தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள நம் புதுக்கோட்டையைத்தான் குறிப்பிடுகிறேன். இங்கிருந்து கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் துறைமுகத்தையும் உப்பளத்தையும் மீன்பிடித் தொழிலையும் நம்பி வாழும் குடும்பங்கள் இவ்வட்டாரம் முழுவதும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதற்குத் தடை. அத்தடைக்காலம் முடியும் வேளையும் பள்ளி திறக்கும் வேளையும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்து சேர்கின்றன. கையில் காசில்லாத நேரம் பார்த்துப் புத்தகப்பை, குடை, காலணி எல்லாம் வாங்கவேண்டியிருக்கிறது. கடற்கரைப் பங்குகளில் ஜூன் மாதம் எவ்வாறு கழிகிறது என்பதை வீட்டுத் தாய்மார்களிடம் கேட்டால் தெரியும்.

இனி வரவிருக்கும் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள். பெருந்தலைவர் காமராசரின் பிறந்த நாள். பேச்சுப் போட்டியும் ஓவியப் போட்டியும் பெரும்பாலான பள்ளிகளில் நடைபெறும். பேச்சை எழுதிக் கொடுக்கும் தந்தைமார், பிள்ளையின் வாயில் நுழையாத சொற்களைத் தவிர்ப்பார்களாக. ஜூலை 26 அன்று தூத்துக்குடிப் பனிமய அன்னைப் பேராலயத்தில் கொடியேற்றம். ஆகஸ்ட் 5 திருநாள். ஆகஸ்ட் 15, விண்ணேற்புப் பெருவிழாவும் நாட்டின் விடுதலை நாளும் கூடிய நாளாகையால் காலைத் திருப்பலிக்குப் பின் பிள்ளைகள் கொடியேற்றத்திற்கு நேரே வந்துவிடலாம். செப்டம்பர் 5 ஆசிரியர் நாள். செப்டம்பர் 8 அன்னையின் பிறப்பு விழா.

இவற்றுக்கு நடுவே, கொடியும் இல்லாமல் பாட்டும் இல்லாமல் ஒரு நாள் வருகிறது. அது ஆகஸ்ட் 1. அதைப்பற்றிச் சற்றுப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன். முதலில் மகிழ்ச்சியான செய்தி.

காமராசர் பிறந்த நாளுக்கும் நம் பள்ளிகளுக்கும் அண்மையில் ஒரு புதிய தொடர்பு ஏற்பட்டுள்ளது. 1956இல், முதலமைச்சராயிருந்த அவர் பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிய இடம் நம் மாவட்டத்து எட்டயபுரம். அந்நாளில் ஊரார் அளித்த தானியத்தையும் பணத்தையும் பெரிதும் நம்பியே அது நடந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அவர்கள் சத்துணவுத் திட்டமாக அதனை விரிவாக்கினார். உதவிபெறும் பள்ளிகளாகிய நம் பள்ளிகளிலும் மதியச் சோறு கிடைத்தது. ஆனால் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டபோது அது அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. ஒரே தெருவில் இரு பள்ளிகள் இருந்தால், ஒன்றில் காலையில் பொங்கல் மணக்கும்; மற்றதில் பிள்ளைகள் அம்மணத்தை முகர்ந்துகொண்டு முதல் பாடவேளையைக் கழிப்பர். நம் பிள்ளைகளும் ஏழைகள்தாமே என்று பல மேடைகளிலும் முறையிடப்பட்டது.

2024 ஜூலை 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்கள் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் இத்திட்டத்தை விரிவாக்கித் தொடங்கி வைத்தார். 3,995 பள்ளிகள், ஏறத்தாழ 2 இலட்சத்து 23 ஆயிரம் பிள்ளைகள். அடுத்த ஆண்டு, 2025 ஆகஸ்ட் 26 அன்று, நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளின் முறை வந்தது. சென்னை மயிலாப்பூரில் உள்ள புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில் விழா நடந்தது. 2,429 பள்ளிகளில் சுமார் 3 இலட்சம் பிள்ளைகள் பயன்பெற்றனர். இரு முறையும் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகளின் முற்றத்திலேயே அடுப்பு மூட்டப்பட்டது என்பதில் நமக்கு மகிழ்ச்சி.

உணவின் அளவை அரசாணை வகுத்துள்ளது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, 15 கிராம் பருப்பு. காய்கறி சேர்ந்த சாம்பார் உண்டு. உப்புமா, கிச்சடி, பொங்கல் என நாளுக்கொன்றாக மாறிவரும். சிற்றூர்களில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். பிள்ளை அதே பள்ளியில் படிக்கும் தாய்மார்களையே இப்பணிக்குத் தேர்ந்தெடுப்பது ஏற்பாடு. இவ்விதியை வகுத்தவர் எவராயினும் அடுப்படி அறிந்தவராகவே இருக்கவேண்டும். தன் பிள்ளையும் உண்ணப்போகும் உணவில் எந்தத் தாய் உப்பை மறப்பாள்?

பசி என்பது வகுப்பறையில் எப்படியிருக்கும் என்பதை நான் ஆசிரியனாயிருந்த காலத்தில் கண்டதுண்டு. ஒரு திங்கட்கிழமை, காலை வழிபாட்டில் நின்ற மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, செபம் முடியுமுன் சரிந்து விழுந்தாள். முகத்தில் நீர் தெளித்து எழுப்பினோம். "காலையில என்னம்மா சாப்பிட்ட?" என்று சகோதரி கேட்டார். "கடுங்காப்பி" என்றாள். முந்தின இரவு? அதற்கு அவள் விடை சொல்லவில்லை. தாய் உப்பளத்துக்குப் போகிறவள். வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்கவேண்டுமென்று விடியுமுன்னரே புறப்பட்டுவிடுவாள். தம்பிக்குத் தலைசீவிவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தது அந்த எட்டு வயதுப் பிள்ளை. கணக்கில் மந்தம் என்று அவளுடைய முன்னேற்ற அட்டையில் நான்தான் எழுதியிருந்தேன். அன்றைக்குப் பிறகு எந்தப் பிள்ளையைப் பற்றியும் அப்படி எழுதுமுன் ஒரு முறை நிறுத்திக் கேட்பது வழக்கமாயிற்று. எங்கள் தலைமையாசிரியை தம் அலமாரியில் ஒரு தகர டப்பாவில் ரொட்டி வைத்திருப்பார். அதுவே அந்நாளைய காலை உணவுத் திட்டம்.

இப்போது ஆசிரியைகளைக் கேட்டால், தாமதமாக வரும் பிள்ளைகள் குறைந்துள்ளனர் என்கின்றனர். எட்டேகால் மணிக்குத் தட்டு வைக்கும் இடத்துக்கு எவர்தாம் தாமதமாக வருவார்! ஒரு வேண்டுகோள் மட்டும். வசதியுள்ள வீட்டார் சிலர், "எங்க பிள்ளை அதைச் சாப்பிடவேண்டாம் டீச்சர், வீட்டிலேயே இட்லி கொடுத்து அனுப்புறோம்" என்று சொல்லிவிடுகின்றனர். வீட்டில் உண்டு வருவதில் தவறில்லை. ஆனால் பிள்ளையின் காதில் விழும்படி அதைச் சொல்லாதிருங்கள். உண்ணும் பிள்ளைகள் ஒருபுறமும் உண்ணாத பிள்ளைகள் ஒருபுறமும் பிரிந்து உட்காரத் தொடங்கினால், அந்தக் கோட்டை அழிக்க எந்த ஆசிரியராலும் இயலாது.

இனி, ஆகஸ்ட் முதல் நாள்.

நம் பள்ளிகளில் ஆசிரியர்களின் ஊதியத்தை அரசு தருகிறது. கட்டடத்தையும் பராமரிப்பையும் நிருவாகம் பார்த்துக்கொள்கிறது. எத்தனை ஆசிரியர்களுக்கு ஊதியம் என்பதை ஆண்டுதோறும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்வர். இதற்குப் பணியாளர் நிர்ணயம் என்று பெயர். ஆகஸ்ட் 1 அன்று வருகைப் பதிவேட்டில் எத்தனை பெயர்கள் உள்ளனவோ அதுவே கணக்கு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர்.

இந்த எண்களை மெதுவாகப் படித்துப் பாருங்கள். 61 பிள்ளைகள் உள்ள பள்ளியில் மூன்று ஆசிரியர்கள். ஒரே ஒரு குடும்பம் தன் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டால் அறுபது. மூன்றாம் ஆசிரியை "உபரி" ஆகிவிடுவார். வேறு பள்ளிக்கு அனுப்பப்படலாம். எஞ்சிய இருவர் ஐந்து வகுப்புகளையும் பார்க்கவேண்டும். ஒருவர் அலுவலகக் கூட்டத்துக்குச் சென்றால் அன்று ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். அதைக் காணும் இன்னொரு பெற்றோர், "ஆசிரியரே இல்லாத பள்ளிக்கு என் பிள்ளையை ஏன் அனுப்பவேண்டும்?" என்று அடுத்த ஆண்டு விலகிக்கொள்வார். அவரைக் குறைசொல்ல முடியுமா? சிறு பள்ளிகள் இவ்வாறே படிப்படியாகத் தேய்கின்றன. பூட்டுப்போடும் நாள் மட்டுமே ஊராருக்குத் தெரிகிறது. அறுபத்தோராவது பிள்ளை போன நாளை எவரும் குறித்துவைப்பதில்லை.

அப்பிள்ளை எங்கே போகிறது? மஞ்சள் வேனில் போகிறது. ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போகிறது. பங்குப் பேரவையில் நெடுங்காலம் பணியாற்றிய ஒருவர், கோவில் வாசலில் என்னிடம் சொன்னார்: "நம்ம பள்ளிக்கூடத்தை மூடவிடக்கூடாது சார். கூரை மாத்தணும்னா நான் பணம் தாரேன்." உங்கள் பேத்தி எங்கே படிக்கிறாள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "அது... அவ அப்பன் இங்கிலீஷ்லதான் படிக்கணும்னு நிக்கான்" என்றார். நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கும் இல்லை. என் பேரனும் காலை ஏழரை மணிக்கு அந்த வேனுக்காகத்தான் தெருமுனையில் நிற்கிறான். என் மகனிடம் ஒருமுறை வாதாடித் தோற்றேன். "அப்பா, நீங்க படிச்ச காலம் வேற" என்று அவன் முடித்துவிட்டான்.

எனவே ஆங்கிலத்தை இகழ்ந்து நான் எழுதப்போவதில்லை. பெற்றோரின் அச்சம் உண்மையானது. ஆனால் கணக்குப் போடும்போது முழுக் கணக்கையும் போடவேண்டும். வேன் கட்டணம், பள்ளிக் கட்டணம், தனிப்பயிற்சிக் கட்டணம் எல்லாம் ஒருபுறம். மறுபுறம், வீட்டில் பேசும் மொழியில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை பிற மொழியையும் விரைவில் பற்றிக்கொள்ளும் என்பதை வகுப்பறையில் நின்றவர் எவரும் அறிவர். அரசின் உதவிகளும் இப்போது தமிழ்வழிப் பிள்ளைகளை நோக்கி வருகின்றன. அரசுப் பள்ளி மாணவியருக்கென இருந்த புதுமைப்பெண் திட்டம், 6 முதல் 12ஆம் வகுப்பு வரை உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. கல்லூரியில் படிக்கும் காலத்தில் மாதம் 1,000 ரூபாய். அதன் தொடக்க விழா 2024 டிசம்பர் 30 அன்று நம் தூத்துக்குடியிலேயே நடைபெற்றது.

பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பிப்பது இக்கடற்கரைக்குப் புதிதன்று. 1542இல் இங்கு வந்த புனித சவேரியார், செபங்களை உதவியாளர்கள் துணையுடன் தமிழில் ஆக்கி, ஊர் ஊராகச் சிறார்களைச் சேர்த்துக் கற்பித்ததை 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் விவரிக்கிறார். நோயாளிகள் தம்மை அழைக்கும்போது எல்லா வீட்டுக்கும் தாமே செல்ல இயலாமல், செபம் கற்ற சிறுவர்களை அனுப்பினாராம். ஒரு தலைமுறைக்குப் பின், 1578 அக்டோபரில், அண்டிரிக்கு அடிகளார் அதே பாடத்தைத் "தம்பிரான் வணக்கம்" என்ற பெயரில் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சிட்டார். 16 பக்கங்கள். அச்சேறிய தமிழ் நூல்களின் வரலாற்றில் அதற்குள்ள இடத்தைப் பிள்ளைகள் அறிவார்களோ, இல்லையோ! திசம்பர் 3, சவேரியார் திருநாளையொட்டி நடக்கும் வினாடி வினாவில் இதை ஒரு கேள்வியாக வைக்கும்படி ஆசிரியைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

நடைமுறைச் செய்தி ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர்! புத்தகம் நனைந்ததற்குக்கூடப் பிள்ளைகள் அவ்வளவு வருந்தவில்லை. ஓவியப் பெட்டி வெள்ளத்தில் போனதற்கே பலர் அழுதனர். ஆகவே பிறப்புச் சான்று, ஞானஸ்நானச் சான்று, சாதிச் சான்று, ஆதார் அட்டை ஆகியவற்றை ஒரே நெகிழிப் பையில் இட்டு, பரணில் உயரமாக வையுங்கள். ஓடு மாற்றுவதும் வடிகால் தோண்டுவதும் ஐப்பசிக்கு முன் முடியவேண்டிய வேலைகள். கொத்தனாரோ தச்சரோ பங்கில் இருந்தால், ஒரு சனிக்கிழமையைப் பள்ளிக்கென ஒதுக்கித் தரலாம். சகோதரிகள் காப்பி தருவார்கள்.

ஐந்து வயது நிறைந்தும் இன்னும் எந்தப் பள்ளியிலும் சேராத பிள்ளை உங்கள் தெருவில் இருக்கக்கூடும். உப்பளத்து வேலைக்காக அண்மையில் குடிவந்தவர்கள், சான்றிதழ் இல்லையே என்று தயங்குபவர்கள் அவர்களில் உண்டு. சான்றிதழ் இல்லையென்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது சட்டம். ஜூலை 31 மாலைக்குள் அவர்களை அழைத்துவந்து தலைமையாசிரியரைக் காணச் செய்யுங்கள். எந்த மதத்தினராயினும் சரி.

அடுத்த இதழில் காலாண்டுத் தேர்வைப் பற்றியும், வீட்டுப்பாடத்தைத் தாய் எழுதிக் கொடுக்கும் புதிய நோயைப் பற்றியும் எழுதுவேன்.